மாத்திரையும் மீன்குழம்பும்

பாளையங்கோட்டை டாக்டர் மீது எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். எதைக் கேட்டாலும் முடிவை நம் தலையிலேயே கட்டிவிடுவார். காய்ச்சல் என்று போனால், "ஊசி போடவா வேண்டாமா, வீட்டில் கலந்து பேசிவிட்டு வாங்க" என்று எந்த டாக்டராவது சொல்வாரா? இந்த அம்மா சொல்வார். அன்றைக்கும் நான் வழக்கமாக ஒப்பிப்பதை ஒப்பித்தேன். தூக்கம் வருகிறது, பசிக்கிறது, வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப நாளா நல்லா இருக்கீங்க. உங்களுக்கு விருப்பம்னா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திப் பாக்கலாம். ஆனா ஏற்கெனவே ரெண்டு தடவை வந்திருக்கு. அதனால தொடர்ந்து சாப்பிடுறதும் நல்ல முடிவுதான். எதுன்னு நீங்க யோசிச்சுட்டு வாங்க."

நான் யோசித்து முடிவெடுக்கிற ஆளாக இருந்திருந்தால் உங்களிடம் எதற்கு வந்திருக்கப் போகிறேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரல் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். நிறுத்து, தொடர், நிறுத்து, தொடர் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊர் வந்து சேர்ந்தபோது தலைவலிதான் மிச்சம்.

அது மனச்சோர்வுக்கான மாத்திரை. காலையில் இட்லி சாப்பிட்டதும் ஒன்று. எனக்கு இந்த நோய் வந்ததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. யாரும் சாகவில்லை, எதுவும் தொலையவில்லை. தூத்துக்குடியில், கப்பல் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் வேலை. குடியிருப்பு ஏரலில். ஒரு நாள் காலையில் சோற்று வாளியோடு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடி பஸ் வந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அது போனது. அடுத்தது வந்தது, அதுவும் போனது. உச்சி வெயில் ஏறியும் நான் அப்படியே இருந்தேன். எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் என் வீட்டுக்குப் போன் போட்டார். "தாயி, உங்க வீட்டுக்கார்ரு காலைல இருந்து இங்கனயே உக்காந்திருக்காரு. கேட்டா சிரிக்காரு. ஒரு எட்டு வந்து பாருங்க."

அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். எனக்குச் சிரித்ததாகவே ஞாபகம் இல்லை.

அந்த முறை மாத்திரையில் குணமாகி, டாக்டரே குறைத்து நிறுத்தினார். சில வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அதே நிறுத்தத்தில், அதே பெஞ்சில், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது முறை கட்டிலிலும் கிடந்தேன். குளிக்காமல், சவரம் செய்யாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்போது தொடங்கிய மாத்திரை இன்னும் நிற்கவில்லை.

நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. பயமும் இருந்தது. ஆசைக்குக் காரணம் அப்பா. இந்த இரண்டாவது மாத்திரை தொடங்கிய பிறகுதான் அவர் இறந்தார்; அப்போது எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் இல்லாமல் இல்லை. நெஞ்சுக்குள் அது உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்கு வரும் வழிதான் அடைத்துக் கிடந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் தேம்பிக்கொண்டிருக்க நான் மட்டும் ஆட்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். "துறைமுகத்துல சிமெண்ட் மூடையாப் பாத்துப் பாத்து இவனும் சிமெண்டாப் போயிட்டான்" என்று ஒரு சித்தப்பா சொன்னார். பகடிதான். ஆனால் அது என் மனசில் தைத்துவிட்டது. இந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியதா, இல்லை என்னில் ஏதாவது ஒரு பாகத்தை வாடகையாக எடுத்துக்கொண்டதா என்று அன்றிலிருந்தே ஒரு சந்தேகம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தலாம்னா சொன்னாவ?"

"நிறுத்தலாம்னாவ. தொடரலாம்னும் சொன்னாவ."

பின்பாதி அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். முகம் அப்படி ஒரு மலர்ச்சி. டாக்டர் ஏதோ ஒரு யோசனை சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மாத்திரை சாப்பிடும் புருஷன் என்பதில் இவளுக்கு இத்தனை நாளும் கூச்சம் இருந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்படித்தான், எதையும் முதலில் கோணலாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அவளும் என்னைப் போலக் கடற்கரைக்காரிதான். பிறந்த வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். தம்பி இன்னும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறான். அந்த வீட்டில் மீன் இல்லாமல் சோறு போட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கல்யாணமாகி ஏரலுக்கு வந்த புதிதில், ஆற்று மீனைப் பார்த்து "இதெல்லாம் ஒரு மீனா, மண்ணுல்லா மணக்கு" என்று மூக்கைச் சுளித்தவள் அவள்.

அவள் வைக்கும் மீன்குழம்பில் எனக்கு ஒரு வேலை உண்டு. குழம்பு கொதித்து வரும்போது அடுப்படியிலிருந்து "இங்கேருங்க" என்று குரல் வரும். நான் போய் உள்ளங்கையை நீட்டுவேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழும். நக்கிப் பார்த்து உப்புப் போதும், போதாது என்று சொல்ல வேண்டும். நான் கட்டிலில் கிடந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. என்னை எழுப்பி நாலடி நடக்க வைக்க அவள் கண்டுபிடித்த உபாயம் என்றே நான் நம்பியிருந்தேன். டாக்டரிடம்கூட ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க" என்றார்.

டாக்டரிடம் போய் வந்த கொஞ்ச நாளில் அவள் ஊர்க் கோயிலில் மாதா திருவிழாக் கொடியேற்றம் வந்தது. போனோம். மத்தியானம் மச்சினன் வீட்டில் சாப்பாடு. சீலா மீன் வறுவல் ஒரு தட்டு நிறைய. மச்சினன் பரிமாறிக்கொண்டே வந்து, அக்கா இலைக்கு மட்டும் வராமல் தாண்டிப் போனான். ரசத்தை ஊற்றி அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்ததை அவன் கவனித்துவிட்டான்.

"அத்தான், அடுத்த கொடியேத்தத்துக்காவது அக்கா மீன் திம்பாளா? டாக்டரு மாத்திரைய நிப்பாட்டச் சொல்லிட்டாராமே."

"ஏலே, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி" என்று அவள் பாய்ந்தாள். அந்த வேகத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதியைக் கோயிலுக்குப் பின்னால் மணலில் வைத்து அவளிடம் வாங்கினேன். இரண்டாவது முறை நான் கட்டிலில் கிடந்தபோது, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறாள். "மாதாவே, இவிய இந்த மாத்திரைய விடுத அன்னைக்குத்தான் நான் மீன் தொடுவேன்" என்று பொருத்தனை செய்திருக்கிறாள். நான் காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவன். அவள் எனக்குப் பரிமாறிவிட்டுப் பிறகு உட்காருகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டால், "சமைச்ச வாடையிலயே வயிறு நெறஞ்சிட்டு" என்பாள். விசேஷ வீடுகளில் பெண்கள் பந்தி வேறு. அதனால் எனக்கு எதுவும் தெரியாமலே வருஷங்கள் ஓடியிருக்கின்றன.

"அப்ப உப்புப் பாக்கக் கூப்பிடுதது?"

"பின்ன, நான் வாயில வைக்க முடியாதுல்லா. யாராவது பாக்கணும்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்கு அடியில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கோபத்தையே பேசினேன்.

"ஏளா, உனக்குப் புத்தி இருக்கா? நோய் போவணும்னு நேருவாவ. மருந்து போவணும்னு எவளாவது நேருவாளா?"

"அப்ப எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சு. மாத்திரை வந்த பொறவுதான நீங்க நோயாளின்னு ஊருக்குத் தெரிஞ்சு. அது போயிட்டா எல்லாம் போயிரும்னு நெனச்சேன்."

"சரி, இப்பத் தெரிஞ்சுட்டுல்லா. விட்டுத் தொலை."

"மாதாட்ட சொல்லுக் குடுத்திருக்கேன். சும்மா சொன்னேன்னு போயி நிக்கச் சொல்லுதியளா?"

கடல் காற்றில் அவள் முந்தானை என் முகத்தில் வந்து அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிடாமல் நின்றேன்.

நிறுத்துவது என்று அங்கேயே முடிவு செய்தேன். நல்லது கெட்டதைச் சீர்தூக்கிப் பார்த்து எடுத்த முடிவு என்று சொன்னால் அது பொய். ஒரு துண்டு சீலா மீனுக்காக எடுத்த முடிவு. டாக்டரிடம் மீன் விஷயத்தைச் சொல்லவில்லை. "நிறுத்திப் பாத்துருவோம் டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். ஒரேயடியாக விடக் கூடாது, மாசக்கணக்கில்தான் குறைக்க வேண்டும், பழைய அறிகுறி எது தெரிந்தாலும் உடனே வர வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

தொடக்கத்தில் தலையைத் திருப்பினால் உள்ளே சின்னதாக ஷாக் அடிப்பது மாதிரி இருந்தது. சும்மா சும்மா எரிந்து விழுந்தேன். பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன். இதெல்லாம் இருக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். போகப் போக அது அடங்கியது. அப்புறம் வந்த நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் பழைய ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டுத் திருகிப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. அப்பா அந்த இரைச்சலை வைத்துக்கொண்டே மணிக்கணக்காகக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். நினைத்ததும் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. அவள் ஓடிவந்து பயந்துபோய் நின்றாள். "ஒண்ணுமில்ல, அப்பாவுக்குத்தான்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். எத்தனை நல்ல மாமனார் தெரியுமா என்று என்னிடமே சொல்லி அழுதாள். அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. ஆற்றில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாத்திரை ரொம்பச் சிறிய அளவுக்கு வந்திருந்தது. எனக்குத் தூக்கம் குறைந்தது. விடியும் முன்பே விழிப்புத் தட்டியது. மழைக்காலம், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம்தான், இதைத் தாண்டிவிட்டால் அவள் மீன் தின்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "வாரியளா?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது. பஸ் போய்விட்டது.

டீக்கடை அண்ணாச்சிக்கு இப்போது அனுபவம் இருந்தது. உச்சி வெயில் ஏறும் வரை அவர் காத்திருக்கவில்லை.

அவள் குடையை மடக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருங்க என்று சொல்லவில்லை. என்ன செய்யுது என்று கேட்கவில்லை. இரண்டு டீ சொன்னாள். என் கையில் கிளாஸைப் பிடிக்க வைத்து, நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போவோம். மாத்திரைய முந்தி மாதிரிப் போடச் சொல்லுவோம்."

"அப்ப மீனு?" என்றேன்.

"மீனு எங்க போயிரும்? கடல்லதான கெடக்கு."

இத்தனை வருஷம் அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கிடந்தவள், அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றபோது ஒரு டீயைக் குடித்துவிட்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு அவள்மீது இருக்கும் பிரியத்தை அதற்கு முன்னால் அத்தனை தெளிவாக நான் உணர்ந்ததில்லை. மனசில் கவிந்திருந்த அந்த இருட்டுக்குள்ளும் அது எனக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

டாக்டரிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். மீன், மாதா, ரேடியோ, அப்பாவுக்கு அழாதது, எல்லாம். அழுகை வராததை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். அளவை முன்பு போல அத்தனை ஏற்றாமல், நடுவில் ஒரு அளவு வைத்துப் பார்ப்போம் என்றார். பழைய வழக்கத்தை விடாமல், "ரொம்ப நாளைக்குத் தொடர வேண்டியிருக்கும். என்ன சொல்றீங்க, யோசிச்சுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"யோசிச்சாச்சு டாக்டர். தொடருதேன்" என்றேன். எனக்காக நான் எடுத்த முடிவு அது. மீனுக்காக எடுத்தது இல்லை. சொன்னதும் தோளில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

நான் தேறி எழுந்து மறுபடி பஸ் ஏற ஆரம்பித்த பிறகும் அவள் மீன் தொடவில்லை. நான் அவளை அவள் ஊர்ப் பங்குச்சாமியிடம் இழுத்துக்கொண்டு போனேன். அம்பாசமுத்திரம் பக்கத்து நெல்லுக்காட்டுப் பையன், கடற்கரைக்காரர் இல்லை. சின்ன வயசுச் சாமியார். இன்னொரு ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டே கேட்டார். முதலில் சிரித்துவிட்டார். அவள் முறைத்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொருத்தனைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கும்மா. திருவிழாவுல ஊருக்கே அசனம் போடுதோம்லா, அந்தச் சோத்துக்கு ஒரு மூடை உப்பு வாங்கிக் குடுத்திருங்க. மீன் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அவளுக்கு ஆறவே இல்லை. "இம்புட்டுதானா? இத்தன வருசத்துக்கு ஒரு மூடை உப்பா?" என்று புலம்பினாள். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கோயிலுக்குள் போனாள். முழங்காலில் ரொம்ப நேரம் இருந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"மாதாட்ட என்ன சொன்ன?"

"தெரியாமக் கேட்டுட்டேன்னு சொன்னேன். மாத்திரையும் இருக்கட்டும், இவியளும் இருக்கட்டும்னு சொன்னேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஐஸ் பெட்டியில் சீலா மீன் கொடுத்துவிட்டான். பூசை முடிந்து வந்து, இட்லியைத் தின்று, மாத்திரையை விழுங்கிவிட்டு, நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மசாலா வாசம் வந்தது. புளி கொதிக்கும் வாசம் வந்தது. "இங்கேருங்க" என்ற குரல் மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிள்ளு உப்பு போட்டாள். மறுபடி பார்த்தாள். இன்னும் ஒரு கிள்ளு போட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே, என் வேலை போய்விட்டதே என்று ஒரு வருத்தமும் வந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று உள்ளங்கையை நீட்டினேன்.

"என்னத்துக்கு? அதான் நானே பாத்துட்டேனே."

"இருந்தாலும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு சொட்டு விட்டாள். உப்புக் கரித்தது. வருஷக்கணக்கில் நாக்கில் வைக்காதவளுக்கு உப்பின் அளவு மறந்துபோயிருந்தது.

"சரியா இருக்கு" என்றேன்.